நீல் சிலை: தெருவிலிருந்து அருங்காட்சியகத்துக்கு

ஊர் நடுவில் ஒருவருக்குச் சிலை வைத்தால், அந்த ஊரே அவரை மதிக்கிறது என்று பொருள். ஆனால் ஆட்சி மாறலாம், மக்களின் எண்ணமும் மாறலாம். அப்போது அந்தச் சிலையை என்ன செய்வது? உடைப்பதா, அப்படியே விட்டுவிடுவதா? சென்னை நகரம் இந்தக் கேள்விக்கு 1937லேயே ஒரு பதில் சொல்லியிருக்கிறது.

ஜேம்ஸ் நீல் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படையின் அதிகாரி. 1857 கிளர்ச்சியை அடக்குவதற்காகச் சென்னையிலிருந்து வடக்கே அனுப்பப்பட்டவர். காசி, அலகாபாத் பகுதிகளில் முறையான விசாரணை இல்லாமலே பலர் தூக்கிலிடப்பட்டார்கள், கிராமங்கள் எரிக்கப்பட்டன. கான்பூரில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட வீட்டின் இரத்தக்கறையை, தூக்கில் போடுவதற்கு முன் கைதிகளை விட்டே நீல் சுத்தம் செய்ய வைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் லக்னோவில் அவர் சுடப்பட்டு இறந்தார்.

சில ஆண்டுகளிலேயே சென்னை மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை) அவருக்குச் சிலை எழுந்தது. வடித்தவர் மேத்யூ நோபிள். வங்காளத்தில் கிளர்ச்சி வெள்ளத்தை முதலில் தடுத்து நிறுத்தியவர் என்று பீடத்தில் புகழுரை பொறிக்கப்பட்டது. எப்படித் தடுத்தார் என்பது மட்டும் அதில் இல்லை. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் சென்னைவாசிகள் அந்தச் சிலையைக் கடந்துதான் போய்வந்தார்கள்.

1927ல் சிலையை அகற்றக் கோரி சத்தியாகிரகம் தொடங்கியது. திருநெல்வேலியைச் சேர்ந்த சோமயாஜுலு இதில் முன்னணியில் நின்றார். தொண்டர்கள் அணி அணியாக வந்து சிறை சென்றார்கள். கடலூர் அஞ்சலை அம்மாள் தன் சிறு வயது மகள் அம்மாக்கண்ணுவுடன் வந்து கைதானார். அந்த ஆண்டு சென்னைக்கு வந்த காந்தியடிகள் போராட்டத்தை ஆதரித்தார். அது அகிம்சை வழியிலேயே நடக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். ஆனாலும் சிலை அசையவில்லை.

1937ல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்த பிறகுதான் வழி பிறந்தது. சிலை உடைக்கப்படவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது. சாலையில் நின்றவரை அது மரியாதைச் சின்னம். அருங்காட்சியகத்துக்குள் போனதும் அது வெறும் வரலாற்றுச் சான்று. சிலை ஒன்றுதான், இடம் மாறியதும் அதன் பொருள் மாறிவிட்டது.

இதே அண்ணா சாலையில், தீவுத்திடல் அருகே, கவர்னர் தாமஸ் மன்றோ இன்றும் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். 1839ல் நிறுவப்பட்ட அந்தச் சிலையும் வெள்ளைக்காரருடையதுதான். ஆனால் மன்றோ ரயத்துவாரி முறையோடு நினைக்கப்படுபவர். 1827ல் சுற்றுப்பயணத்தின்போது காலராவில் இறந்தவர். ஆக, மக்கள் எதிர்த்தது நீலின் நிறத்தை அல்ல, அவர் செய்கையை என்பது குறிப்பிடத்தக்கது.

ஸ்காட்லாந்தின் ஏர் நகரிலும் நோபிள் வடித்த இன்னொரு நீல் சிலை உண்டு. அங்கே அது பொதுச் சதுக்கத்தில் வைக்கப்பட்டது. அந்தமானில் அவர் பெயரைத் தாங்கிய நீல் தீவு 2018ல்தான் 'ஷாஹீத் தீவு' என்று மாற்றப்பட்டது. ஒரே மனிதரின் நினைவை மூன்று ஊர்கள் மூன்று விதமாகக் கையாண்டிருக்கின்றன.

சென்னையின் வழிதான் இவற்றில் சிறந்தது எனலாம். உடைத்திருந்தால் சாட்சி போயிருக்கும். விட்டிருந்தால் அவமானம் நின்றிருக்கும். ஆனால் இடம் மாற்றுவது பாதி வேலைதான். பீடத்தின் புகழுரை எதை மறைத்தது, அதைக் கேள்வி கேட்டு யார் சிறை சென்றார்கள் என்பதையும் சிலைக்குப் பக்கத்தில் எழுதி வைத்தால்தான் வேலை முழுமையாகும். அலகாபாத்தில் தூக்கிலிடப்பட்டவர்களுக்கும், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த அஞ்சலை அம்மாளுக்கும் அந்த இரண்டு வரிகளாவது கிடைக்க வேண்டும்.