எல்கோவில் ஒரு கவியரங்கம் பிறந்த கதை

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், வடகிழக்கே, ஹம்போல்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது எல்கோ. 1868-69 குளிர்காலத்தில், கண்டத்தைக் கடக்கும் ரயில்பாதை போட வந்தவர்களால் உண்டான ஊர். இன்றும் சுமார் 20,000 பேர்தான். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகளும் தங்கச் சுரங்கங்களும். கடுங்குளிர் அடிக்கும் ஜனவரிக் கடைசியில், கவிதை கேட்பதற்கென்றே ஆயிரக்கணக்கானோர் இங்கே வந்து இறங்குகிறார்கள். மேடையேறுபவர்களில் பலர் மாடு மேய்க்கிறவர்கள். கீழே உட்கார்ந்து கேட்பவர்களிலும் அவர்கள் நிறையப் பேர்.

கௌபாய் என்றதும் துப்பாக்கியை நினைக்கச் சினிமா நம்மைப் பழக்கிவிட்டது. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த பிறகு, டெக்சாஸிலிருந்து கான்சாஸ் ரயிலடிகள்வரை மாதக்கணக்கில் மந்தை ஓட்டிப்போனவர்கள் அவர்கள். இரவில் மாடுகள் மிரண்டு ஓடாதிருக்க, குதிரைமேல் மந்தையைச் சுற்றி வந்தபடி மெல்லப் பாடுவார்கள். பாட்டும் செய்யுளும் அந்தத் தொழிலோடு ஒட்டியே வளர்ந்தன.

புரூஸ் கிஸ்கேடனைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. இளமையில் மாடு ஓட்டியவர். பிற்பாடு லாஸ் ஏஞ்சலஸ் ஹோட்டலில் விருந்தினர்களின் பெட்டி சுமந்தார். பழைய வாழ்க்கையை நினைத்து எழுதிக்கொண்டே இருந்தார். கவிதைகள் கால்நடைப் பத்திரிகையிலும் மாட்டுச் சந்தைக் காலண்டர்களிலும் படத்தோடு அச்சாயின. காலண்டரில் வந்ததை ஆட்கள் மனப்பாடம் செய்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பேட்ஜர் கிளார்க் எழுதிய பிரார்த்தனைக் கவிதையோ, ‘ஆசிரியர் பெயர் தெரியவில்லை’ என்று தபால் அட்டைகளில் அச்சாகிப் பரவியது. அதைவிடப் பெரிய விருது ஒரு கவிஞனுக்குக் கிடைக்குமா?

இலக்கிய உலகத்துக்கு எட்டாமலே இருந்த இந்தச் செல்வத்தைத் தேடி, 1980களில் மேற்கு மாநில நாட்டார் வழக்காற்றியலாளர்கள் புறப்பட்டார்கள். ஹால் கேனன் அவர்களில் முக்கியமானவர். அவருக்குத் துணை நின்றவர் வாடி மிட்செல்; ஒதுக்குப்புறப் பண்ணைகளில், பெரியவர்கள் சொன்ன கதைகளையும் கவிதைகளையும் கேட்டு வளர்ந்த நெவாடா கௌபாய்.

இந்தக் கவிஞர்களை எல்கோவில் எப்போது கூட்டுவது என்பதை மாடுகளே முடிவு செய்தன. இலையுதிர் காலத்தில் கன்றுகளை விற்று அனுப்பிவிடுவார்கள். வசந்தத்தில் பசுக்கள் ஈனத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில்தான் பண்ணையாளுக்குக் கொஞ்சம் ஓய்வு. நகரத்து ரசிகருக்கு எது வசதி என்று பார்க்காமல், கவிதை சொல்ல வருகிறவருக்கு எப்போது கை ஓயும் என்று பார்த்தார்களே, அதுதான் இந்த அரங்கின் பெருமை என்பேன்.

1985 ஜனவரியில் முதல் கூட்டம் நடந்தது. தனிமையில் எழுதி மடித்து வைத்திருந்தவர்களுக்கு, தங்களைப்போல் இத்தனை பேர் இருப்பது அன்றுதான் தெரிந்தது. வாடி மிட்செல் பின்னர் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிவரை போனார். எல்கோவின் பழைய பயனியர் ஹோட்டல் இந்த விழாவை நடத்தும் அமைப்பின் இல்லமானது. 2000இல் அமெரிக்க செனட் இந்தக் கவியரங்கைத் ‘தேசிய’ அரங்கமாக ஏற்றுத் தீர்மானம் போட்டது. பாஸ்க் இன ஆட்டிடையர்கள் தங்குவதற்காக 1910இல் எழுந்த ஸ்டார் ஹோட்டலில், விழா நாட்களில் நீள மேசைகளில் முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

சொந்தக் கவிதை இருந்தால்தான் மேடை என்ற நிபந்தனை இங்கே இல்லை. கிஸ்கேடனின் கவிதையை நெஞ்சில் வைத்திருந்து, பிசகாமல் சொல்லி இறங்குகிறவரும் இங்கே கலைஞர்தான்.