தானமாக வந்த நிலமும் உறவுமுறைச் சட்டமும்

மாமனார் ஒருவர் வாடகைக் கடையோடு கூடிய மனையை மருமகள் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிவைக்கிறார் என்று கொள்வோம். வீட்டில் இருவரும் ஒரே குடும்பம். தமிழ்நாட்டு முத்திரைச் சட்டத்துக்கு அப்படியல்ல. மகனுக்கோ மகளுக்கோ பேரப்பிள்ளைக்கோ எழுதினால் தீர்வை 1 விழுக்காடு. 2023 ஜூலை முதல் அதற்கு உச்சவரம்பு 40,000 ரூபாய். மருமகள் அந்தப் பட்டியலில் இல்லாததால் 7 விழுக்காடும் கட்டியாக வேண்டும்.

வருமான வரிச் சட்டமோ அவரை உறவினராக ஏற்கிறது. அந்நியர் தந்த நிலத்தின் பதிவு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் முழு மதிப்பும் பெறுபவரின் வருமானம். மருமகளுக்கு அது இல்லை. ஆனால் கடை வாடகையை அதே சட்டம் மாமனார் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறது. பத்திரப்படி உரிமையாளர் ஒருவர், வரி கட்டுபவர் இன்னொருவர். நாளை மருமகள் மனையை விற்றாலும் மாமனார் வாங்கிய விலையும் தேதியுமே மூலதன ஆதாயக் கணக்குக்கு அடிப்படை. இன்னும் விசித்திரமானது சித்தப்பா விவகாரம்: அவர் அண்ணன் மகனுக்குத் தந்தால் வரியில்லை, அண்ணன் மகன் அவருக்குத் தந்தால் வரி உண்டு. இதற்கு நியாயம் கற்பிப்பது கடினம்.

சொத்துரிமை மாற்றுச் சட்டம் (1882) இப்படி உறவு பார்த்ததில்லை. பதிவு, இரு சாட்சிகள், கொடுத்தவர் உயிரோடிருக்கும்போதே பெற்றவரின் ஏற்பு, இவை போதும். ஆயுள்வரை அனுபவ உரிமையைக் கொடுப்பவரே வைத்துக்கொண்டாலும் தானம் செல்லும் என்று ரேணிகுண்ட்லா ராஜம்மா வழக்கில் (2014) உச்ச நீதிமன்றம் கூறியது. பட்டா மாற்றம் அதன் பிறகான வருவாய்த் துறை வேலை. உரிமையைத் தருவது பத்திரம்தான்.

உறவைப் பாராத இந்தச் சட்டத்துக்குள் உறவைக் கொண்டுவந்தது மூத்த குடிமக்கள் சட்டத்தின் (2007) 23-ஆம் பிரிவு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யலாம். அந்த நிபந்தனை இருந்ததை நிறுவியாக வேண்டும் என்றது சுதேஷ் சிக்காரா தீர்ப்பு (2022). ஊர்மிளா தீட்சித் தீர்ப்பு (2025) பிரிவைத் தாராளமாகப் பொருள்கொண்டது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பின் பொருட்டு எழுதிய செட்டில்மெண்டிலேயே நிபந்தனை உள்ளுறைந்திருக்கலாம் என்றது. பத்திர எழுத்தர்கள் காலங்காலமாகப் படியெடுத்துவரும் 'அன்பினாலும் பிரியத்தினாலும்' என்ற வரிக்கு அதனால் எடை கூடிவிட்டது. முதியவரைக் காக்கும் நோக்கம் சரியே, வழி சரியல்ல. எழுதாத நிபந்தனையை ஊகிப்பதைவிட, பராமரிப்பு நிபந்தனை உண்டா இல்லையா என்று பத்திரத்தில் சொல்லவைப்பதைச் சார்பதிவாளரின் கடமையாக்கலாம்.

ஏனெனில் பாதிப்பு இருவரோடு நிற்பதில்லை. ஜீவனாம்ச உரிமையைப் பேசும் 23(2), விவரமறியாமல் விலைகொடுத்து வாங்கியவரை விட்டுவிடுகிறது. தானத்தையே ரத்தாக்கும் 23(1)-இல், பெற்றவரிடமிருந்து கிரயம் வாங்கியவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.