பெண் வேட்பாளர்கள் (தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல்கள்)

தமிழ்நாட்டின் வாக்காளர் பட்டியலில் பெண்களே அதிகம். 2021 சட்டமன்றத் தேர்தலின்போது ஆண்களைவிட ஏறத்தாழ 10 லட்சம் பெண்கள் கூடுதலாக இருந்தனர். ஆனால் அத்தேர்தலில் களத்தில் நின்ற 3,998 வேட்பாளர்களில் பெண்கள் 411 பேர்தான். வென்று சட்டமன்றத்துக்குள் சென்ற 234 பேரில் 12 பேர். வாக்குச்சாவடிக்குத் திரண்டு வரும் பெண், வேட்புமனுத் தாக்கலின்போது காணாமல்போவது ஏன் என்பது நூறாண்டுகளாகத் தொடரும் கேள்வி. அதற்கான விடை வாக்காளரிடம் இல்லை. கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இருக்கிறது.

தொடக்க வரலாறு

பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட முதல் அமைப்புரீதியான குரல் சென்னையில்தான் எழுந்தது. 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் அதன் முன்னோடிகள். அதே ஆண்டு டிசம்பரில், இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு சென்னை வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் மகளிர் தூதுக்குழு ஒன்று அவரைச் சந்தித்து ஆண்களுக்கு நிகரான வாக்குரிமை கோரியது.

வாக்குரிமை பற்றி ஆராய வந்த சவுத்பரோ குழு, இந்தியப் பெண்களுக்கு அதற்கான காலம் இன்னும் கனியவில்லை என்று கைவிரித்தது. 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டமும் நேரடியாக எதையும் தராமல், முடிவை அந்தந்த மாகாணச் சட்டமன்றங்களிடம் தள்ளிவிட்டது. நீதிக்கட்சி ஆட்சியிலிருந்த சென்னை மாகாணச் சட்டமன்றம் 1921 ஏப்ரலில் பெண் என்ற தடையை நீக்கித் தீர்மானம் நிறைவேற்றியது. சொத்தும் வரியும் தகுதியாக இருந்ததால் வாக்குப் பெற்ற பெண்கள் மிகச் சிலரே. ஆனாலும், பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இந்தக் கதவை முதலில் திறந்தது சென்னைதான்.

வாக்களிக்கும் உரிமை வேறு, போட்டியிடும் உரிமை வேறு. இரண்டாவது உரிமைக்கு மேலும் ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1926இல் அது கிடைத்ததும், அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மங்களூரில் 23 வயது கமலாதேவி சட்டோபாத்யாய தேர்தலில் குதித்தார். மார்கரெட் கசின்ஸின் தூண்டுதல் அதற்குப் பின்னே இருந்தது. வேலையைத் தொடங்கச் சில நாட்களே கையிலிருந்தும், மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில்தான் தோற்றார். பெண் நின்றால் ஓட்டு விழாது என்ற வாதத்துக்கு அந்த முதல் தேர்தலிலேயே மறுப்புக் கிடைத்துவிட்டது.

வாக்குப்பெட்டி வழியே நுழைய முடியாத அவைக்கு, நியமனம் வழியே ஒரு பெண் வந்தார். புதுக்கோட்டையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் அவரே. உறுப்பினர்கள் அவரை அவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தனர். கோயில்களில் பெண்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் எடுத்த முயற்சி பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 1930இல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார்.

ஒதுக்கீடு: வந்ததும் போனதும்

பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்க வேண்டுமா என்ற விவாதம் 1930களில் சூடுபிடித்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த ராதாபாய் சுப்பராயன், 1930ஆம் ஆண்டு லண்டன் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்ட இரு இந்தியப் பெண்களில் ஒருவர். அவரும் பேகம் ஷா நவாஸும் ஒதுக்கீடு வேண்டும் என்றனர். இந்திய மாதர் சங்கம், அகில இந்திய மாதர் மாநாடு முதலிய அமைப்புகளோ ஒதுக்கீடு வேண்டாம், வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை போதும் என்றன. சலுகையில் வருவது இழுக்கு என்பது அவற்றின் எண்ணம். பின்னால் நடந்ததைப் பார்க்கையில், களநிலையைச் சரியாகக் கணித்தவர் ராதாபாய்தான்.

1935ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கீட்டைத் தந்தது. சென்னைச் சட்டப்பேரவையின் 215 இடங்களில் 8 பெண்களுக்கு: பொதுப்பிரிவில் 6, முஸ்லிம் 1, இந்தியக் கிறிஸ்தவர் 1. 1937 தேர்தலில் வந்தவர்களுள் கடலூர் அஞ்சலை அம்மாளும் ருக்மிணி லட்சுமிபதியும் குறிப்பிடத்தக்கவர்கள். வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற ருக்மிணி பேரவைத் துணைத் தலைவரானார். 1946இல் பிரகாசம் அமைச்சரவையில் பொதுச் சுகாதாரத் துறையைப் பெற்று மாகாணத்தின் முதல் பெண் அமைச்சருமானார்.

சுதந்திரத்தோடு இந்த ஒதுக்கீடு மறைந்தது. அரசியல் நிர்ணய சபையில் சென்னையிலிருந்து சென்ற அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் ஆகியோர் இருந்தனர். பெண்களுக்குத் தனி இடம் தேவையில்லை என்பதே அச்சபைப் பெண் உறுப்பினர்களிடையே மேலோங்கிய கருத்து. 1937இல் ஒதுக்கப்பட்டது நூற்றுக்கு நான்குக்கும் சற்றுக் குறைவு. 84 ஆண்டுகள் கழித்து, 2021இல் திறந்த போட்டியில் கிடைத்தது நூற்றுக்கு ஐந்து.

வகைப்பாடு

1952 முதல் தமிழ்நாட்டில் போட்டியிட்டு முன்னுக்கு வந்த பெண்களை, அவர்கள் வந்த வழியைக் கொண்டு நான்கு வகையாகப் பிரிக்கலாம். ஒருவரே இரண்டு வகைகளில் அடங்குவதும் உண்டு.

குடும்பவழி: தந்தை, கணவர் அல்லது உடன்பிறந்தார் அரசியலில் இருக்க, அந்தச் செல்வாக்கோடு வந்தவர்கள். காமராசர் அமைச்சரவையில் 1957இல் உள்ளாட்சி, மீன்வளத் துறைகளை ஏற்ற குளச்சல் லூர்தம்மாள் சைமனின் கணவர் திருவிதாங்கூர்-கொச்சி அவை உறுப்பினராக இருந்தவர். ஆலடி அருணாவின் மகள் பூங்கோதை, தூத்துக்குடி பெரியசாமியின் மகள் கீதா ஜீவன் ஆகியோர் பிற்கால எடுத்துக்காட்டுகள்.

இயக்கவழி: போராட்டமும் கட்சிப்பணியும் உயர்த்தியவர்கள். 1957இல் அண்ணாவுடன் முதன்முதலாகச் சட்டமன்றம் சென்ற தி.மு.க.வினர் 15 பேரில் ஒருவரான சத்தியவாணி முத்து, பத்தாண்டு கழித்து அண்ணாவின் அமைச்சரவையில் இடம்பெற்றார். மதுரை கே.பி. ஜானகி அம்மாள் 1967இலும், பாப்பா உமாநாத் 1989இலும் வென்றனர். திண்டுக்கல் பாலபாரதி 2001, 2006, 2011 என மூன்று முறை தொடர்ந்து வந்தார். இவ்வகையில் இடதுசாரிகளின் பங்கு குறிப்பிடத்தக்கது.

திரைவழி: வி.என். ஜானகி, ஜெயலலிதா, தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் வென்ற வைஜெயந்திமாலா. எண்ணிக்கையில் சிறிய வகை. இரண்டு பெண் முதல்வர்களும் இதிலிருந்தே வந்தனர். ஜெயலலிதா முதன்முறை முதல்வரான 1991 தேர்தலில் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் வென்றனர். அடுத்த தேர்தலில் அந்த எண்ணிக்கை சரிந்தது. தலைமையில் பெண் இருந்தால் வேட்பாளர் பட்டியலிலும் பெண்கள் பெருகுவர் என்ற எதிர்பார்ப்பு நிலைக்கவில்லை.

தொழில்வழி: மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர் என்ற அடையாளத்தோடு வருபவர்கள். 2021இல் கோயம்புத்தூர் தெற்கில் கமல்ஹாசனை 1,728 வாக்குகளில் வென்ற வானதி சீனிவாசன் வழக்கறிஞர். மொடக்குறிச்சியில் வென்ற சரஸ்வதி மருத்துவர்.

காரணங்கள்

பெண்கள் தேர்தலில் நிற்கத் தயங்குகிறார்கள், வாக்காளர்கள் பெண்களை ஏற்பதில்லை என்ற இரண்டு விளக்கங்களும் அடிக்கடி சொல்லப்படுகின்றன. இரண்டாவது விளக்கத்துக்கு எண்கள் இடம் கொடுப்பதில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் நின்ற 8,360 பேரில் பெண்கள் 800, வென்றவர்கள் 74. அதாவது நின்ற பெண்களில் நூற்றுக்கு ஒன்பது பேர் வென்றனர். ஆண்களில் நூற்றுக்கு ஆறு பேர்.

தடை அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. பெரிய கட்சிகளில் சீட்டு கேட்பவர் கட்டணம் செலுத்தி விருப்ப மனு தருகிறார். பின்பு நேர்காணல் நடக்கிறது. அங்கே சாதிக் கணக்கு, செலவு செய்யும் திறன், மாவட்டச் செயலாளரின் பரிந்துரை ஆகியவை எடைபோடப்படுகின்றன. மாவட்டச் செயலாளர்களில் பெண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். கட்சிப் பெண்களுக்கென்று மகளிரணி இருக்கிறது. கூட்டம் சேர்ப்பதும் வீடுவீடாக வாக்குக் கேட்பதும் அதன் வேலை. தொகுதிப் பங்கீட்டு மேசையில் அதற்கு நாற்காலி இல்லை.

எந்தத் தொகுதி பெண்ணுக்குத் தரப்படுகிறது என்பதில் இது வெளிப்படுகிறது. 2021இல் வென்ற 12 பெண்களில் 7 பேர் தனித்தொகுதிகளிலிருந்து வந்தவர்கள்: குடியாத்தம், கிருஷ்ணராயபுரம், மானாமதுரை, தாராபுரம், மதுராந்தகம், நிலக்கோட்டை, பழங்குடியினருக்கான ஏற்காடு. தனித்தொகுதிகள் மொத்தம் 46. மீதமுள்ள 188 பொதுத்தொகுதிகளிலிருந்து வந்த பெண்கள் 5 பேர் மட்டுமே. நிலமும் பணமும் உள்ள சாதிகளின் ஆண்கள் குறிவைக்காத இடங்களில்தான் பெண்ணுக்கு எளிதில் வழி விடப்படுகிறது.

பணம் அடுத்த தடை. 2021இல் ஒரு வேட்பாளருக்கு அனுமதிக்கப்பட்ட செலவு 30.8 லட்சம் ரூபாய். 2022 முதல் 40 லட்சம். நடைமுறைச் செலவு இதைத் தாண்டும் என்பது ஊரறிந்தது. சொத்து ஆண் பெயரில் இருக்கும் குடும்பங்களில் தேர்தலுக்குக் கடன் வாங்க அடமானமாக வைக்கவும் பெண்ணிடம் எதுவும் இருப்பதில்லை. சுயேச்சையாக நிற்க விரும்புவோருக்கு வைப்புத்தொகை வேறு. 1996இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் கோரிக்கைகளைக் கவனப்படுத்த மனுக்களைக் குவித்ததால் 1,033 பேர் களத்தில் இருந்தனர். வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சடிக்கப்பட்டது. அத்தனை பேருக்கு நடுவில் வென்றவர் சுப்புலட்சுமி ஜெகதீசன் என்ற பெண். அந்த ஆண்டே சட்டமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, இப்போது 10,000. அதே தொகுதியில் 2021இல் தி.மு.க.வும் பா.ஜ.க.வும் பெண்களையே நிறுத்தின. சுப்புலட்சுமி 281 வாக்குகளில் தோற்றார்.

மூன்றாவது, பேச்சும் பயமும். இரவு பத்து மணிக்குப் பிரச்சாரம் முடித்து, கட்சி ஆட்களோடு ஒரே வண்டியில் திரும்பும் பெண்ணின் நடத்தை தேர்தல் பொருளாகிவிடும். மேடைகளில் இருந்த இந்த ஏச்சு இப்போது கைப்பேசிக்கும் வந்துவிட்டது. வன்முறையும் உண்டு. மதுரை வில்லாபுரத்தில் குடிநீர்ப் பிரச்சினையைக் கையிலெடுத்த மார்க்சிஸ்ட் மாமன்ற உறுப்பினர் லீலாவதி, தேர்ந்தெடுக்கப்பட்டு ஓராண்டு நிறைவதற்குள் 1997 ஏப்ரலில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

உள்ளாட்சி

1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தால் மூன்றிலொரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, 1996இல் தேர்தல் நடந்தது. 2016இல் இந்தப் பங்கு பாதியாக உயர்த்தப்பட்டது. 2022இல் 21 மாநகராட்சிகளில் 11இல் பெண்கள் மேயரானார்கள். சென்னையில் தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பின் மூன்றாவது பெண் மேயராக ஆர். பிரியா வந்தார். இடம் இருந்தால் நிற்க ஆள் கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கணவர் நாற்காலியில் அமர்ந்து நிர்வாகம் செய்யும் ஊராட்சிகளும், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் தரையில் உட்காரவைக்கப்பட்டது போன்ற கொடுமைகளும் உண்டு. ஊராட்சித் தலைவராகப் பயின்றவர்களைச் சட்டமன்ற வேட்பாளராக உயர்த்தும் வழக்கம் எந்தப் பெரிய கட்சியிலும் வேரூன்றவில்லை.

அண்மை நிலை

2021இல் நாம் தமிழர் கட்சி தன் 234 வேட்பாளர்களில் 117 பேரைப் பெண்களாக நிறுத்தியது, எவரும் வெல்லவில்லை. இரு பெரிய கழகங்களும் நிறுத்திய பெண்கள் தலா பதினைந்தைத் தாண்டவில்லை. 2023 செப்டம்பரில் நிறைவேறிய 106ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் மூன்றிலொரு பங்கை 15 ஆண்டுகளுக்குப் பெண்களுக்கு ஒதுக்குகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பின்னரே அது நடைமுறைக்கு வரும் என்பது அப்போது விதிக்கப்பட்ட நிபந்தனை. 234 இடங்கள் கொண்ட தமிழ்நாட்டுப் பேரவையில் இந்தப் பங்கு 78 தொகுதிகள்.