மெல்லிய தோல் ஜாக்கெட் - ஒரு சிறு வரலாறு

தோல் ஜாக்கெட் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது புல்லட் ஓட்டும் சினிமா ஹீரோதான். கனமாக, விறைப்பாக, போட்டால் கை மடக்க முடியாத ஜாக்கெட். ஆனால் இன்று கடையில் தொங்குவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். பல ஜாக்கெட்டுகள் ஒரு கனத்த சட்டை போலத்தான் இருக்கும். இந்த எடை எங்கே போனது? யார் குறைத்தார்கள்? தேடிப் பார்த்தால் கதை கலிபோர்னியாவில் ஆரம்பித்து நம்ம குரோம்பேட்டை, ராணிப்பேட்டை வரை வருகிறது நண்பர்களே.

முதலில் கொஞ்சம் வேதியியல் (பயப்பட வேண்டாம்)

பச்சைத் தோல் அப்படியே விட்டால் அழுகும். அழுகாமல் செய்வதுதான் பதனிடுதல். பல நூற்றாண்டுகளாக இதற்கு மரப்பட்டைகள்தான். நம் ஊரில் ஆவாரம் பட்டை, கடுக்காய். பட்டைச்சாறு நிறைந்த தொட்டியில் தோல் வாரக்கணக்கில் ஊறும். பட்டையில் உள்ள டானின் தோலின் நார்களுக்கு நடுவே நிறைய போய் உட்கார்ந்து கொள்ளும். அதனால் தோல் தடிக்கும், கனக்கும், விறைப்பாகும். செருப்புக்கும் பெல்ட்டுக்கும் அது நல்லது. சட்டை போலப் போட்டுக்கொள்ளச் சரிவராது.

1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமியம் உப்பால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1893இல் மார்ட்டின் டென்னிஸ் அதையே ஒரே கட்டமாக எளிமையாக்கினார். வாரங்கள் எடுத்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. இங்கேதான் முக்கியமான விஷயம்: குரோமியம் மிகக் கொஞ்சம் இருந்தாலே போதும். நார்களுக்கு நடுவே இடம் காலியாக இருக்கும். அதனால் தோல் எடை குறைந்து, மெத்தென்று, துணி போல விழும். கொதிக்கும் நீரையும் தாங்கும். இன்றைய மெல்லிய ஜாக்கெட்டின் பிறப்பு ரகசியம் இதுதான்.

பெயர் தந்த ஊர்

கடைகளில் 'நப்பா லெதர்' என்று சொல்வார்கள் இல்லையா, அது கலிபோர்னியாவில் உள்ள நாபா என்ற ஊரின் பெயர். அங்கிருந்த சாயர் டேனரியில் வேலை செய்த இமானுவேல் மனாசே 1875இல் செம்மறித் தோலை மிக மென்மையாகப் பதனிடும் வழியைக் கண்டார். அந்தத் தோலுக்கு ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. இன்று நாபா என்றால் ஒயின்தான் ஞாபகம் வரும், அது வேறு விஷயம் :)

விமானியிடமிருந்து வீதிக்கு

முதல் உலகப் போர் விமானங்களுக்குக் கூரை கிடையாது. மேலே குளிர் எலும்பைத் துளைக்கும். அதனால் விமானிகள் நீளமான தோல் கோட்டு போட்டார்கள். 1931இல் அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவு ஜிப் வைத்த ஏ-2 ஜாக்கெட்டை ஏற்றுக்கொண்டது. அது பெரும்பாலும் குதிரைத் தோல். கடற்படை விமானிகளுக்கு வெள்ளாட்டுத் தோல் ஜாக்கெட். நடுவில் 1928இல் நியூயார்க்கில் இர்விங் ஷாட் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்காக 'பெர்ஃபெக்டோ' ஜாக்கெட்டைத் தைத்தார். விலை ஐந்தரை டாலர்.

1953இல் 'தி வைல்ட் ஒன்' படத்தில் மார்லன் பிராண்டோ தோல் ஜாக்கெட்டோடு வந்தார். படம் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று பிரிட்டன் தணிக்கை 1967 வரை அதற்குச் சான்றிதழே தரவில்லை. வழக்கம் போல, தடுத்ததால் ஆசை கூடியது. போர்க்களத்துக்கும் சாலை விபத்துக்கும் தாங்கத் தைத்த உடையை, கல்லூரிக்கும் ஆபீசுக்கும் போட ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு உறுதி இரண்டாம் பட்சம். மென்மை வேண்டும், எடை குறைய வேண்டும். மாட்டுத் தோல், குதிரைத் தோல் இருந்த இடத்துக்கு ஆட்டுத் தோல் வந்தது.

நம்ம ஊர் எங்கே வருகிறது?

சென்னை பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் அரசு செலவில் குரோம் பதனிடுதலை இங்கே சோதித்தார். ஜாக்கெட்டுக்கு அல்ல! கமலைக் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் தோல் பைகளுக்கு. தண்ணீரில் ஊறினாலும் சீக்கிரம் கெடாது என்பதுதான் காரணம். முயற்சி பலித்தது. ஆனால் 1910இல் லண்டனில் இந்திய விவகாரங்களுக்கான அமைச்சராக இருந்த மார்லி பிரபு, அரசு வணிகம் செய்யக் கூடாது என்று தடை போட்டார். வெள்ளைக்கார வியாபாரிகளின் எதிர்ப்பும் இதன் பின்னால் இருந்தது. பிறகு தனியார் நடத்திய குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர். தினமும் மின்சார ரயிலில் கடக்கும் ஸ்டேஷனின் பெயரில் ஒரு உலோகம் ஒளிந்திருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. இருந்தும் பல வருடங்கள் நாம் அரைகுறையாகப் பதனிட்ட தோலைத்தான் கப்பலேற்றினோம். ஜாக்கெட் தைத்து லாபம் பார்த்தது ஐரோப்பா. 1973இல் அரை பதனீட்டுத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. இனி முடித்த தோலாக, பொருளாக அனுப்பு என்பது கொள்கை. காமர்ஸ் படிப்பவர்களுக்கு 'மதிப்புக் கூட்டல்' என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பெரியமேடு, வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை எல்லாம் இப்படித்தான் பெரிதாயின.

அந்த மென்மையின் விலை

கணக்கு இத்தோடு முடியவில்லை. பட்டையை விட்டு குரோமியத்துக்கு மாறியபோது கழிவும் மாறியது. பாலாற்றங்கரை கிணறுகள் கெட்டன, வயல்கள் பாழாயின. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்தது. அந்த மாவட்டங்களின் டேனரிகளுக்குத் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதம். இந்தத் தீர்ப்பு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். அதற்குப் பிறகும் 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக் கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வேலை தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

லாப நஷ்டக் கணக்கில் எந்தப் பக்கம் இதை எழுதுவது? பாடப் புத்தகத்தில் இதை 'புறச் செலவு' என்று ஒரே வரியில் முடித்து விடுகிறார்கள். கம்பெனி கணக்கில் வராத செலவு, ஆனால் யாரோ கட்டுகிறார்கள். கிணற்றுக்காரர் கட்டினார், அந்தப் பத்துப் பேர் கட்டினார்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

தினமும் போட ஜாக்கெட் வாங்குபவர்களுக்கு மேலே சொன்ன வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

1. வெறும் நடைக்கும் பஸ்ஸுக்கும் என்றால் செம்மறி நப்பா. 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் தடிமன் போதும். மிக மென்மை, ஆனால் ஆணியில் மாட்டினால் கிழியும்.

2. கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பயன்படுத்துவீர்கள் என்றால் வெள்ளாடு. நார் நெருக்கமாகப் பின்னியிருப்பதால் மெல்லிதாக இருந்தாலும் உறுதி.

3. பைக்கில் வேகமாகப் போகிறவர்கள் மென்மையை மறந்துவிடுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான மாட்டுத் தோல்தான் பாதுகாப்பு.

4. கம்பளி தரும் குளிர்நாட்டு ஆட்டைவிட, நம் மேச்சேரி ஆடு போன்ற முடி ஆடுகளின் தோல் நெருக்கமானது. இதே மென்மையில் அதிக நாள் உழைக்கும்.

5. விரலால் அழுத்திப் பாருங்கள். மெல்லிய சுருக்கம் விழுந்து மறைய வேண்டும். பிளாஸ்டிக் போல ஒரே சீராக இருந்தால் மேலே பூச்சு அதிகம், அல்லது ரெக்ஸின்.

ஒரு ஜாக்கெட்டுக்குச் சுமார் ஏழெட்டு ஆடுகளின் தோல் வேண்டும். அதோடு எத்தனையோ குடம் தண்ணீர். அதனால் என் கருத்து இதுதான்: வருடத்துக்கு ஒன்று மாற்றும் மலிவு ஜாக்கெட்டை விட, பத்து வருடம் வரும் ஒன்றைக் கூடுதல் காசு கொடுத்து வாங்குவது மேல். விலையைப் பத்தால் வகுத்துப் பாருங்கள், நமக்கும் லாபம், பாலாற்றுக்கும் பாரம் குறைவு.