சட்டமும் சௌகரியமும்: வலைப்பக்க அமைப்பின் கதை

சங்க மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, சோழர் கடற்படையைப் பற்றியோ, தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் வந்து சேர்ந்த நம் முன்னோரைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். நான் எடுத்துக்கொண்டிருப்பது முப்பது ஆண்டுகளைச் சற்றே தாண்டிய ஒரு சின்ன வரலாறு. கணினித் திரையில் ஒரு பக்கத்தை எப்படி அமைப்பது என்பதற்கு எழுதி வைத்த விதி ஒன்று இருந்தது. நடைமுறை வேறாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் வலைப்பக்கம் செய்தவர்கள் பட்ட பாடுதான் இந்தக் கதை. 'இதெல்லாம் கம்ப்யூட்டர்காரங்க சமாச்சாரம், நமக்கென்ன' என்று அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் சங்கத்தின் நான்கு ஆண்டு எழுத்து இந்தக் கதைக்குள் சிக்கிக் கிடக்கிறது. சிக்க வைத்தவர்களில் நானும் ஒருவன்.

விதிக்கு முன் வந்த வழக்கம்

ஜெனீவா அருகில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் வையவிரிவு வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1991இல் அது வெளியுலகுக்கு வந்தது. விஞ்ஞானிகள் தங்கள் அறிக்கைகளைப் பகிர்ந்துகொள்ள ஏற்பட்ட ஏற்பாடு அது. இது தலைப்பு, இது பத்தி, இது இணைப்பு என்று குறித்துக் கொடுத்தால் போதும். எந்த எழுத்தில், எவ்வளவு அகலத்தில் காட்டுவது என்பதைப் படிப்பவரின் கணினி பார்த்துக்கொள்ளும். இந்தக் குறிப்பு மொழிக்குத்தான் எச்.டி.எம்.எல். என்று பெயர்.

1993இல் மொசைக் உலாவியும், 1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் நேவிகேட்டரும் வந்தபின் வியாபாரிகளும் பத்திரிகைக்காரர்களும் வலைக்குள் நுழைந்தார்கள். அவர்கள் கேட்டது வேறு. இடப்பக்கம் பட்டியல் வேண்டும், நடுவில் செய்தி வேண்டும், வலப்பக்கம் விளம்பரம் வேண்டும். எச்.டி.எம்.எல்.லில் அதற்கு வழியில்லை. 1995இல் நெட்ஸ்கேப்பின் புதிய பதிப்பில் அட்டவணை போடும் வசதி வந்தது. அது கணக்குக் காட்டுவதற்கான வசதி. ஆனால் கோடுகளை மறைத்துவிட்டால், ஒரு கட்டத்தில் பட்டியலையும் அடுத்த கட்டத்தில் கட்டுரையையும் வைத்துப் பத்திரிகைப் பக்கம் மாதிரியே செய்துவிடலாம் என்று கண்டுகொண்டார்கள். 1996இல் வந்த டேவிட் சீகலின் புத்தகம் இந்த உத்திகளை ஊரறியச் செய்தது. ஒரே புள்ளி அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத படத்தை இழுத்து நீட்டி இடைவெளி உண்டாக்கும் தந்திரமும் அதில் அடக்கம்.

முறையான வழியும் ஒரு பக்கம் உருவாகிக்கொண்டுதான் இருந்தது. செர்னில் இருந்த நார்வேக்காரர் ஹோகன் வியும் லீ, 1994 அக்டோபர் 10 அன்று பாணித்தாள் என்ற யோசனையை வெளியிட்டார். பொருள் ஒரு தாளில், அலங்காரம் இன்னொரு தாளில். பெர்ட் பாஸ் அவரோடு சேர்ந்துகொண்டார். டபிள்யூ-3-சி என்று சொல்லப்படும் வலைக் கூட்டமைப்பு, 1996 டிசம்பர் 17 அன்று அதை சி.எஸ்.எஸ். முதல் நிலை என்று தரநிலையாக அறிவித்தது. ஆனால் அதற்குள் அட்டவணை ஊன்றிவிட்டது. விதி வந்து சேர்வதற்குள் வழக்கம் குடியேறிவிட்டது.

கார்ப்பெட் ஏரியா தகராறு

அடுத்து உலாவிப் போர். 1996 ஆகஸ்டில் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3, சி.எஸ்.எஸ்.ஸின் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது. 1997இல் இரு தரப்பும் நான்காம் பதிப்பை இறக்கின. இரண்டும் தனித்தனி வசதிகளைச் சேர்த்தன. இரண்டும் விதியைப் பாதி பாதியாகக் கடைப்பிடித்தன. 'இந்தத் தளத்தை இந்த உலாவியில் பார்ப்பது நலம்' என்று பக்கத்துக்குப் பக்கம் பட்டை தொங்கியது நினைவிருக்கலாம்.

விதியை எப்படிப் படிப்பது என்பதிலேயே எவ்வளவு குழப்பம் என்பதற்கு ஓர் உதாரணம். மும்பையில் ஃபிளாட் வாங்கியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பில்டர் 'பில்ட்-அப் ஏரியா' என்பார். சுவரும் சேர்ந்த கணக்கு. நாம் கேட்பது 'கார்ப்பெட் ஏரியா'; சுவருக்கு உள்ளே கால் வைக்கிற இடம். சி.எஸ்.எஸ். விதிப்படி ஒரு பெட்டியின் அகலம் 200 என்றால் அது கார்ப்பெட் ஏரியா. பக்கத்துக்கு 10 உள்விளிம்பும் 5 கரையும் சேர்த்தால் பெட்டி மொத்தம் 230 பிடிக்கும். விண்டோஸில் வந்த எக்ஸ்புளோரர் 5 அதைப் பில்ட்-அப் ஆக எடுத்துக்கொண்டது. மொத்தமே 200, உள்ளே எழுத்துக்கு 170தான். ஒரே பக்கம், இரண்டு உலாவி, 30 புள்ளி வித்தியாசம். அருகருகே நிற்க வேண்டிய இரண்டு பத்திகளில் ஒன்று இடம் போதாமல் கீழே விழ அது போதும்.

சமாதானம் எப்படி வந்தது? 1998இல் வடிவமைப்பாளர்கள் சிலர் வலைத் தரநிலைத் திட்டம் என்ற அமைப்பைத் தொடங்கி, விதியை மதிக்கும்படி உலாவி செய்பவர்களை நெருக்கினார்கள். ஆனால் உலாவியை ஒரே நாளில் திருத்தினால், பழைய வழக்கத்தை நம்பிக் கட்டிய லட்சக்கணக்கான பக்கங்கள் குலைந்துபோகும். 2000 மார்ச்சில் மெக்கின்டாஷுக்கு வந்த எக்ஸ்புளோரர் 5இல் டான்டெக் செலிக் ஒரு நல்ல வழியை நடைமுறைக்குக் கொண்டு வந்தார். பக்கத்தின் முதல் வரியில் 'நான் புது விதிப்படி எழுதப்பட்டவன்' என்ற அறிவிப்பு இருந்தால் விதிப்படி காட்டு. இல்லையென்றால் பழைய வழக்கப்படி காட்டு. 2001இல் விண்டோஸுக்கு வந்த எக்ஸ்புளோரர் 6 இதையே பின்பற்றியது. இன்றைய உலாவிகளிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. பழையவரை வெளியே தள்ளாமல் புதியவருக்கு இடம் கொடுத்த ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம்.

நம் சங்கத்தில் நடந்தது

2002இல் நம் சங்கத்துக்கு இணையத்தளம் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. விதிப்படி செய்தே தீருவேன் என்ற வேகம். அட்டவணை கிடையாது, எல்லாம் பாணித்தாள் என்று இரண்டு மாதம் உழைத்தேன். பொங்கல் கூட்டத்தில் திறந்து காட்டினால், சங்கக் கணினியில் வலப்பக்கப் பத்தி சரிந்து பக்கத்தின் அடியில் போய்க் கிடந்தது. என் வீட்டுக் கணினியில் மட்டும் பார்த்துவிட்டு வந்தது என் தவறு.

அச்சகத்தில் முப்பது வருஷம் அச்சுக் கோத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம் குழுவில் இருந்தார். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்து, "தம்பி, நீ சொல்லுத சட்டம் சரிதான். ஆனா டோம்பிவிலியில உக்காந்து பாக்குத மாமிக்குச் சட்டமா தெரியும்? பக்கம்லா தெரியணும்" என்றார். நான் விடவில்லை. வாரக் கணக்கில் வாதாடினோம். கடைசியில் வெளிக்கூடு அட்டவணை, உள்ளே எழுத்தும் நிறமும் பாணித்தாள் என்று ஒரு சமரசத்துக்கு வந்தோம். அன்று அது எனக்குத் தோல்வியாகப் பட்டது.

ஆனால் இன்னொரு சமரசத்தை நான் பேச்சே இல்லாமல் செய்துகொண்டேன். அது எழுத்து.

அந்த நாளில் தமிழுக்குப் பல குறியேற்றங்கள் இருந்தன. குறியேற்றம் என்றால், எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற கணக்கு. திஸ்கி ஒரு பக்கம் இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் டாம், டாப் என்ற இரண்டு பரிந்துரைக்கப்பட்டன. இவை போக, எழுத்துரு விற்றவர்கள் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைப்பதுதான் உத்தி. அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் தலையில் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகள் தெரியும். யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் யூனிகோடு தமிழைக் காட்டும் வசதி விண்டோஸ் 2000இல்தான் வந்தது. நம் உறுப்பினர் பலர் வீட்டில் இருந்ததோ விண்டோஸ் 98. ஆகவே ஒரு தனியார் எழுத்துருவை வாங்கி, அதிலேயே எல்லாவற்றையும் அடித்தேன். மாமிக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் திருப்தி.

அப்படி அடித்ததில் அண்ணாச்சியின் தொடரும் ஒன்று. பம்பாய்க்கு வந்த முதல் தலைமுறைக்காரர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, எந்த ஊர், எந்த ரயில், யார் கூட்டி வந்தார்கள், முதல் வேலை என்ன என்று கேட்டு எழுதினார். அவர் நோட்டில் எழுதுவார். நான் தட்டச்சு செய்வேன். 2006 வரை நான்கு ஆண்டு அது வந்தது.

எது நின்றது, எது போனது

அதன்பின் வெளியுலகில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்து, உலாவிச் சந்தையில் மறுபடி போட்டியை உண்டாக்கியது. 2005இல் வலைத் தரநிலைத் திட்டம் ஆசிட்-2 என்ற சோதனைப் பக்கத்தை வைத்து, எந்த உலாவி விதிப்படி நடக்கிறது என்று எவரும் கண்ணால் பார்க்கும்படி செய்தது. 2010இல் ஈதன் மார்கோட், திரைக்கேற்ப வளைந்து கொடுக்கும் பக்க அமைப்பை எழுதிக் காட்டினார். 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றும் ஒரே மாதத்தில் கட்ட அமைப்பு என்ற சி.எஸ்.எஸ். வசதியைக் கொண்டு வந்தன. வரிசை, நிரல் என்று பக்கத்தைப் பிரிப்பதுதான் அது. அட்டவணைக்காரர்கள் 1995இல் கேட்டதை விதி கடைசியில் ஒப்புக்கொண்டது. அந்தப் பில்ட்-அப் கணக்கும் திரும்பி வந்தது. அகலத்தை எப்படி அளப்பது என்று செய்பவரே சொல்லிக்கொள்ள சி.எஸ்.எஸ்.ஸில் இப்போது இடமுண்டு. பலரும் சுவர் சேர்த்த கணக்கைத்தான் விரும்பி எடுக்கிறார்கள். எக்ஸ்புளோரருக்கு 2022 ஜூன் 15 அன்று ஓய்வு கொடுத்தார்கள். தமிழக அரசும் 2010 ஜூனில் யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தரமாக அறிவித்தது.

இப்போது நம் பழைய தளத்துக்கு வருவோம். அதன் நகல் ஒரு குறுந்தகட்டில் இருந்தது. அண்மையில் திறந்து பார்த்தேன். நான் வெட்கப்பட்ட அந்த அட்டவணைக் கூடு இன்றைய உலாவியிலும் குலையாமல் நிற்கிறது. கைப்பேசியில் இரண்டு விரலால் விரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே இருந்த தமிழ்தான் போய்விட்டது. எழுத்துருக் கோப்பு யாரிடமும் இல்லை. அதோடு 2009இல் தளத்தை வேறு இடத்துக்கு மாற்றியபோது சில எண்கள் கேள்விக்குறியாகிவிட்டன. தகட்டில் இருப்பது அதற்குப் பிந்தைய நகல். அண்ணாச்சி இன்று நம்மோடு இல்லை. வீடு மாறியதில் அவருடைய நோட்டுகளும் போய்விட்டன.

உட்கார்ந்து எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்த்தேன். எந்த வடிவத்துக்கு எந்த எண் என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிட்டது. ஆனால் கேள்விக்குறியான எழுத்துகள் ஏழு. 'வந்தார்', 'சொன்னார்' போன்ற சொற்களில் ஓர் எழுத்து போனால் ஊகித்துவிடலாம். ஊர்ப்பெயரை ஊகிக்க முடியுமா? ஆள் பெயரை ஊகிக்க முடியுமா? அண்ணாச்சி தேடித் தேடிச் சேர்த்ததே அந்தப் பெயர்களைத்தானே.

இத்தனை வருஷம் கழித்து எனக்குப் புரிந்தது இதுதான். விதியா, நடைமுறையா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. தோற்றத்தில் விட்டுக்கொடுக்கலாம்; பத்தி அகலம் கூடினாலும் குறைந்தாலும் பொருள் கெடாது. எழுத்தில் விட்டுக்கொடுத்தால் பொருளே போய்விடும். நான் சண்டை போட்டது பத்தி அகலத்துக்கு; சும்மா விட்டது எழுத்தை. 2002இல் யூனிகோடில் மட்டும் வெளியிட்டிருந்தால் பலரால் படித்திருக்க முடியாது, அதுவும் உண்மை. ஆனால் மாமிக்கு அவர் கணினியில் தெரிவதைக் கொடுத்துவிட்டு, அதே கட்டுரையின் யூனிகோடு பிரதி ஒன்றைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கலாம். பந்தியில் பரிமாறுவது வேறு, விதைநெல் எடுத்து வைப்பது வேறு. அன்று எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2002 முதல் 2006 வரை அண்ணாச்சியின் தொடரை யாராவது அச்செடுத்து வைத்திருக்கலாம், ஊருக்கு அனுப்பியிருக்கலாம். பரணில், பழைய ஃபைலில், அப்பாவின் டிரங்குப் பெட்டியில் தேடிப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவரை அண்ணாச்சி பேட்டி கண்டிருந்தால், அவர் ஊரும் பேரும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் போதும். பழைய எழுத்துருவில் அடித்த உங்கள் சொந்தக் கோப்புகள் இருந்தாலும் கொண்டு வாருங்கள், யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க நூலகத்தில்தான் இருப்பேன். கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாக அழிப்போம்.