மூன்று குரங்குகள் யாருடையவை?



நன்னெறிக் கல்விப் பாடத்தில் கண், காது, வாய் பொத்திய மூன்று குரங்குகளின் படத்தைக் காட்டினேன். "இது காந்தித் தாத்தாவின் குரங்கு" என்றான் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். "இல்லை, சீனருடையது" என்றாள் இன்னொருத்தி. விடை தேடிய நான், தாவோ சமயத்தை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர்களிடம் சென்று சேர்ந்தேன்.

ஜப்பானில் 'கோஷின்' என்றொரு வழிபாடு உண்டு. நம் அறுபது ஆண்டு வட்டத்தைப் போலச் சீன நாள்காட்டியில் அறுபது நாள் வட்டமும் உண்டு. அதில் 57ஆம் நாளே கோஷின். அன்றிரவு மனிதன் உறங்கியதும் அவன் உடலில் வாழும் மூன்று புழுக்கள் விண்ணுலகம் சென்று அவனுடைய பிழைகளை முறையிடும். அவன் ஆயுள் குறையும் என்பது நம்பிக்கை. ஆகவே ஊரார் ஒன்றுகூடி விடியும்வரை கண்விழித்திருப்பர்.

இவ்வழிபாடு எங்குத் தோன்றியது? ஜப்பானிய நாட்டாரியலின் முன்னோடி யானகிதா குனியோ (1875–1962), இது ஜப்பானிய மண்ணுக்கே உரியது என்று கருதினார். குபோ நோரிதாதா (1913–2010) அதனை ஏற்கவில்லை. ஊர் ஊராகச் சென்று வழக்கங்களைத் திரட்டினார். அவற்றைத் தாவோ நூல்களோடு ஒப்பிட்டார். கோஷின் நாளில் புழுக்கள் முறையிடும் செய்தி, 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய 'பாவோபுசி' நூலிலேயே காணப்படுகிறது. வேர் சீனத்துத் தாவோ சமயத்தில் உள்ளது என நிறுவி, 1956இலும் 1961இலும் நூல்கள் வெளியிட்டார்.

அவர் தனித்து உழைக்கவில்லை. 1445இல் அச்சான தாவோ மறைநூல் தொகுப்பு, 1923–1926இல் ஷாங்காயில் 1,120 மடலங்களாக மறுபதிப்புப் பெற்றது. அதன்பின் அறிஞர் பலருக்கும் அது எட்டியது. 1950இல் ஜப்பான் தாவோ சமய ஆய்வுக் கழகம் உருவானது. மறு ஆண்டே அதன் ஆய்விதழும் வெளிவந்தது.

இவ்வரலாற்றில் ஓர் இருளும் உண்டு. யோஷியோகா யோஷிதோயோ 1940களில் பெய்ஜிங் வெண்முகில் மடத்தில் தங்கித் துறவியரின் அன்றாட வாழ்வைப் பதிவு செய்தார். அந்நகரம் அப்போது ஜப்பானியப் படையின் பிடியில் இருந்தது. சயாம் மரண இரயில் பாதையில் உறவுகளைப் பறிகொடுத்த நம் சமூகம் இதனை எளிதில் கடந்துவிட இயலாது. தம் நாடே உயர்ந்தது என்ற முழக்கம் ஓங்கியிருந்த நாட்டில், போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே, "நம் வழிபாடு அண்டை நாட்டிலிருந்து வந்தது" என்று சான்றுகளோடு எழுதியதைத் துணிவு என்றே கருதுகிறேன்.

அப்படியானால் குரங்குகள்? 'கோஷின்' என்னும் பெயரின் பின்பாதி, பன்னிரு விலங்கு வரிசையில் குரங்கைக் குறிக்கும். ஜப்பானிய மொழியில் குரங்கு 'சாரு'. காணாமை, கேளாமை, பேசாமை என்பவற்றை உணர்த்தும் பழைய எதிர்மறை விகுதியின் ஒலியும் ஏறத்தாழ அதுவே. இச்சொல் விளையாட்டு ஜப்பானிய மொழியில் மட்டுமே பொருந்தும். நிக்கோ நகரின் தோஷோகு கோயிற் குதிரைலாயத்திலும் ஊர்ப்புறக் கோஷின் கற்களிலும் இக்குரங்குகளைக் காணலாம்.

நம்பிக்கை சீனத்திலிருந்து வந்தது. குரங்குகளைச் சேர்த்தது ஜப்பானிய மொழி. அச்சிலையைப் போற்றி வைத்திருந்தவர் காந்தியடிகள். மறுநாள் இதனைச் சொன்னபோது இரு மாணவர்களும் தாங்களே வென்றதாக மகிழ்ந்தனர். "இது எங்களுடையது மட்டுமே" என்று பிள்ளைகள் எதையேனும் உரிமை கொண்டாடும்போது, உடனே தலையசைக்காமல் அவர்களோடு சேர்ந்து சான்று தேடுவோம். தமிழ் குறித்த பெருமைக்கும் இது பொருந்தும்.