சுழி

ஓடும் நீர் ஓரிடத்தில் வட்டமாகத் திரும்பி, நடுவில் குழிந்து உள்வாங்குவது சுழி. நீர்ச்சுழி, சுழல் என்றும் சொல்வர். வடசொல்லான ஆவர்த்தம் புலவர் நடையோடு நின்றுவிட்டது.

பத்துப்பாட்டுள் ஒன்றான பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் பாடினியைத் தலைமுதல் அடிவரை வருணிக்கிறார். அவள் கொப்பூழுக்கு நீர்ச்சுழியே உவமை. பின்வந்த புலவர்கள் இதை அலுக்குமளவு எடுத்தாண்டனர். ஆளை இழுக்கும் ஆபத்தைவிடச் சுழியின் வடிவமே அவர்களைக் கவர்ந்திருக்கிறது.

தலபுராணங்களில் சுழி வெள்ளத்தையே விழுங்குவது. கும்பகோணத்தை அடுத்த திருவலஞ்சுழியில் காவிரி பிலத்துள் இறங்கி மறைந்ததாகவும், ஏரண்ட முனிவர் அதனுள் புகுந்தபின் வெளிப்பட்டதாகவும் கதை. ஆறு வலமாகச் சுழித்துச் சென்றதால் இப்பெயர் என்பர். சம்பந்தரும் அப்பரும் பாடிய ஊர் இது. விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியில் சிவன் சூலத்தால் துளையிட, ஊழிவெள்ளம் சுழித்து உள்ளே இறங்கியது என்கிறது புராணம். சுந்தரர் பதிகத்தில் இவ்வூர் திருச்சுழியல். ரமண மகரிஷி 1879இல் இங்கே பிறந்தார்.

நீரைவிட்டு வெளியேறிய சுழிகள் பல. ஏட்டின் தலையில் பிள்ளையார் சுழி, எழுத்தில் மூன்று சுழி 'ண', இரண்டு சுழி 'ன', கணக்கில் சுழியம். தலையில் இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்பார்கள். மாட்டுச் சந்தையில் சுழி பார்க்காமல் விலை பேசுவதில்லை: கோபுரச்சுழி நல்லது, பாடைச்சுழி ஆகாது. மாட்டின் உழைப்புக்கும் மயிர்ச்சுழிக்கும் தொடர்பில்லை என்றாலும் விலை இறங்குவது உண்மை.

கல்பாக்கத்தை அடுத்த அணுபுரம் பக்கத்தில் இச்சொல்லுக்கு இரு முகம். கல்பாக்கத்துக்குத் தெற்கே கடல் சேரும் பாலாறு ஆண்டில் பெரும்பாலும் வெறும் மணல். வெள்ளம் வந்தால், மணல் அள்ளிய பள்ளங்களில் நீர் சுழலும். மாமல்லபுரக் கடலில் குளிப்போரை உள்ளே இழுப்பதோ பெரும்பாலும் சுழலன்று, கரையிலிருந்து கடல் நோக்கி நேராகப் பாயும் நீரோட்டம். அதையும் ஊர் சுழல் என்றே சொல்லிவிடுகிறது. இன்னொன்று வானிலை அறிக்கையின் 'மேலடுக்குச் சுழற்சி'. வங்கக் கடலில் அது வலுத்துப் புயலானால், புவி சுழல்வதன் விளைவாகக் காற்று இடஞ்சுழியாகவே சுற்றும். 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் புயலும் இடஞ்சுழிதான்.